கண்மாயும் கைப்பேசியும்: துவாஸ் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் விடுதியையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், குறிப்பிடவில்லை. ஆனால் உங்கள் கேள்வி சிங்கப்பூரின் துவாஸில் வேலை செய்கிற பல பேர் மனசில் இருப்பது. அதனால் பதிலை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

“ஊரில் பொழுதன்னைக்கும் ஆடினோம், டிவியில் எப்போதாவது பார்த்தோம். இங்கே பொழுதன்னைக்கும் பார்க்கிறோம், ஆடுவதே இல்லை. இதற்குக் காரணம் வயசா, வேலையா, போனா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் திட்டுவது போனைத்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே ராத்திரி ஏழரைக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் இங்கே பத்து மணிக்கு வருகிறது. கடைசி ஓவர் முடிகையில் மணி ஒன்றரையைத் தாண்டிவிடும். 2023 இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மழையில் நடக்காமலேபோய், திங்கட்கிழமைக்குத் தள்ளி, அன்றும் மழையில் நின்று, சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். அகமதாபாத்தில் அப்போது மே 30 அதிகாலை ஒன்றரை மணி. நமக்கு நாலு. படுத்து என்ன ஆகப்போகிறது என்று குளித்துவிட்டு லாரிக்குக் கிளம்பினவர்கள் உண்டு. வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கண் சிவக்காத ஆளை எங்கள் பக்கம் நான் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் அண்ணனாகச் சொல்கிறேன்: மறுநாள் உயரத்தில் வேலை இருந்தால், தோனியே ஆடினாலும் போனை மூடிவிட்டுப் படுங்கள்.

மற்றபடி பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா ஊரில் பார்க்கும் அதே பந்தை நீங்கள் துவாஸில் பார்க்கிறீர்கள், சின்னவன் துபாயில் பார்க்கிறான். நாளெல்லாம் தனித்தனியாகக் கிடக்கும் குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் நடக்கிற காரியம் அது ஒன்றுதான். என்ன, ஊரில் கேபிள் முந்திக்கொள்ளும், நம் போனில் படம் பிந்தி வரும். பந்து வீச்சாளர் இங்கே இன்னும் ஓடிவரக்கூட இல்லை, வாட்ஸ்அப்பில் “போச்சு, அவுட்டு” என்று வந்து விழும். அந்த எரிச்சலும் உறவில் சேர்த்திதான்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகளை அடைத்தார்கள். நாலு சுவரும் அடுக்குக் கட்டிலுமாகக் கிடந்தோம். செப்டம்பரில் ஐபிஎல் அமீரகத்தில் தொடங்கியது. அரங்கில் ஒரு ஆள் இல்லை. கைத்தட்டலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். ஆடுகிறவர்களும் ஓட்டலைவிட்டு வெளியே போக முடியாது, பார்க்கிற நாமும் போக முடியாது. அந்த ஆட்டங்களில்தான் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கினார். அங்கிருந்தே ஆஸ்திரேலியா போய், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடினார். நவம்பரில் அவருக்கு மகள் பிறந்தாள். ஜனவரியில் தொடர் முடிந்து திரும்பிய பிறகுதான் நேரில் பார்த்தார். பத்திரிகைகளுக்கு அது உருக்கமான செய்தி. பிள்ளை பிறந்த சேதியைப் போனில் கேட்டு, முகத்தைப் போனில் பார்த்து, பல்லு முளைத்த பிறகு கையில் வாங்குகிற நமக்கு அது நம் வீட்டுக் கதை.

இனி நீங்கள் கேட்ட ஆட்டத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் சித்திரையில் கண்மாய் வற்றிவிட்டால் எங்களுக்கு மைதானம் தயார். வெடிப்பு விழுந்த தரை, ஸ்டம்புக்குச் செங்கல், தென்னை மட்டையில் செதுக்கிய பேட், காசு போட்டு வாங்கிய ரப்பர் பந்து. கருவை முள்ளுக்குள் பந்து போனால் அவுட். கிணற்றுக்குள் அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். அடிக்கிற பக்கத்து ஆளே அம்பயர், அதனால் ஓவருக்கு ஒரு சண்டை. ஆள் கூடிப்போனால் பொடியனை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட்டானாலும் அவுட்டில்லை. கட்டணம் கிடையாது, கோச் கிடையாது, கடிகாரம் கிடையாது. முக்கியமாக, பார்க்கிறவர் யாரும் கிடையாது. யாரும் பார்க்காத ஆட்டம் என்பதால்தான் எத்தனை தடவை தோற்றாலும் அவமானமாக இல்லை.

டிவிக்கும் அப்போது வேறு வேலை இருந்தது. 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் மணல் புயலுக்கு நடுவே சச்சின் 143 அடித்தார். இரண்டே நாளில் இறுதி ஆட்டத்தில் 134. பார்த்த மறுநாள் கண்மாயில் எல்லாருமே சச்சின், பந்து போட ஆள் இல்லை. டிவி எங்களை வெளியே துரத்தியது. போன் கட்டிலிலேயே வைத்துக்கொள்கிறது. நீங்கள் உணர்கிற மாற்றத்தில் போனுக்கு உள்ள பங்கு அவ்வளவுதான்.

ஆனால் தம்பி, ‘அந்தக் காலம் சுதந்திரமானது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். யாருக்குச் சுதந்திரம்? எங்கள் அக்கா தங்கைகள் சமையற்கட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடந்துகொண்டிருந்தார்கள். சின்ன வயசில் ஆட்டத்துக்கு வந்த பெண் பிள்ளைகளும் வயசுக்கு வந்ததோடு நின்றார்கள். காலனிப் பையன்கள் கண்மாயின் அந்தக் கோடியில் தனியாக ஆடினார்கள். டிவி இருந்த வீட்டில் சிலர் திண்ணைவரை போனோம், சிலர் ஜன்னலோடு நின்றார்கள். 2006-இல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது பட்டணத்தில் பலர் கேலி செய்தார்கள். அடுத்தவர் ஜன்னலோரம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நம் நினைவில் இனிக்கிற மைதானம் ஊரில் பாதிப் பேருக்குக் கிடைக்காத மைதானம்.

இன்னொன்று. இந்த ஏக்கம் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புகளிலும் கம்பங்களிலும் வளர்ந்த சிங்கப்பூர்த் தமிழர்களைக் கேளுங்கள். பந்தோடு திரிந்த நாள்களைப் பற்றி இதே குரலில் பேசுவார்கள். கால்பந்து வீரர் வி. சுந்தரமூர்த்தியின் ஆட்டத்துக்கு அரங்கமே அதிர்ந்ததைச் சொல்வார்கள். இன்றைக்கு அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் பந்தாடக் கூடாது என்று பலகை இருக்கும். 2016-இல் குவீன்ஸ்டவுனில் ஒரு புளோக்கின் கீழே பந்தாட்டத்தைத் தடுக்கக் கம்பித் தடுப்பே வைத்து, அது பெரிய பேச்சானது. ஆடுகிற பிள்ளைக்கும் அமைதி வேண்டுகிற பெரியவருக்கும் இருப்பது ஒரே இடம் என்பதுதான் சிக்கல்.

துவாஸையே பாருங்களேன். நாம் நிற்கிற தரையில் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. 2022-இல் முறைப்படி திறந்த துறைமுகம் 2040-களில் முழுதாக முடியும்போது ஆண்டுக்கு 6.5 கோடிக் கொள்கலன்களைக் கையாளும் என்கிறார்கள். கடலில் மண்ணைக் கொட்டி நிலம் செய்கிற நாட்டில் சும்மா கிடக்கிற புறம்போக்கு இருக்க வழியில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேலை உண்டு. ஆகவே இங்கே ஆட இடம் வேண்டுமென்றால் யாராவது அதற்கென்று ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கியும் இருக்கிறார்கள்: துவாஸ் சவுத், பெஞ்சுரு என்று வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்ப் பணம் அனுப்பி, சாமான் வாங்கித் திரும்புவதிலேயே நம் பொழுது போய்விடுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறையாவது மைதானத்துக்கு விடுங்கள். பதினொரு பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். பங்ளாதேஷ் தம்பிகளையும் கூப்பிடுங்கள், நன்றாகவே பந்து போடுவார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வயசும் வேலையும் போனும் கொஞ்சம் கொஞ்சம் பறித்தன, ஆனால் நாம் இழந்தது இடத்தை. நடராஜனுக்கு இது புரிந்திருக்கிறது. உலகமெல்லாம் டிவியில் தெரிந்த பிறகு சின்னப்பம்பட்டியில் அவர் கிரிக்கெட் மைதானம் கட்டினார், 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. நினைவுகளைப் பேசுவதைவிட இது பெரிய காரியம்.

அந்த இடம் பெண் பிள்ளைகளுக்கும் உரியது. 2025 நவம்பர் 2 இரவு இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்தபோதும் இங்கே பலர் விழித்திருந்தோம். அதே ஆண்டு தொடக்கத்தில், இரண்டாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் நம் பெண்கள்தான் வென்றார்கள். அந்த அணியில் மதுரைப் பெண் கமலினி ஆடினார். அதற்கு முந்தைய டிசம்பரில் 16 வயதிலேயே மும்பை அணி 1.6 கோடி ரூபாய்க்கு அவரை மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் எடுத்திருந்தது. கண்மாயில் எங்கள் அக்கா தங்கைகளுக்கு நாங்கள் கொடுக்காத பேட்டை அவர் அப்பா மகள் கையில் கொடுத்தார்.

உங்களுக்கு ஒரு மகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த லீவில் போகும்போது பெட்டியில் சாக்லேட்டோடு ஒரு பேட்டும் வையுங்கள். ஊர்க் கண்மாய் இன்னும் கண்மாயாக இருக்கிறதா, யாராவது வளைத்துவிட்டார்களா என்று பாருங்கள். வளைத்திருந்தால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். இடம் இருந்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முதல் பேட்டிங் மகளுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துவாஸ் அண்ணன்