மரவட்டையும் வீட்டுச் சுவரின் ஈரமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துச் சில நாள் சென்றதும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் அநேக வீடுகளின் சுவரோரங்களிலும் அங்கணங்களிலும் செம்பழுப்பு நிறமான மரவட்டைகள் கூட்டங்கூட்டமாய் ஊர்ந்து வருவது வழக்கம். குழந்தைகள் இதனை ரயில்பூச்சி என்பர். இவற்றைக் கண்டவுடன் வீட்டார் அருவருப்புற்று விஷப்பொடியைத் தேடுகின்றனர். பூச்சியினால் விளையும் தீங்கைக் காட்டிலும் அப்பொடியினால் விளையும் தீங்கு பெரிதாகையால், இந்த ஜந்துவின் இயல்பைச் சற்று விரிவாய் அறிந்துகொள்வது அவசியமாகின்றது.

முதலாவது, மரவட்டையைப் பூரானென்று மயங்கலாகாது. பூரானின் உடல் தட்டையானது. கணுவொன்றுக்கு ஒரு ஜோடிக் கால்களே உண்டு. அது விரைந்தோடி, தலையின் கீழுள்ள விஷக் கொடுக்குகளால் கடிக்கும். மரவட்டையின் உடலோ உருண்டு நீண்டது. முற்பகுதியிலுள்ள சில வளையங்கள் நீங்கலாக, மற்ற வளையங்களில் பெரும்பாலும் இரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும். மெல்ல ஊரும், தொட்டால் சக்கரம்போற் சுருண்டுகொள்ளும். விஷக் கொடுக்கு இதற்கில்லை. இதன் ஆங்கிலப் பெயர் ஆயிரங்காலி என்று பொருள்படுமாயினும், பெரும்பாலானவற்றிற்குச் சில நூறு கால்களுக்கு மேலில்லை. மெய்யாகவே ஆயிரத்தைக் கடந்த இனமொன்று 2021ம் ஆண்டில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; மேற்கு ஆஸ்திரேலியாவில் பூமியின் ஆழத்திலே கிடைத்த அதற்கு 1,306 கால்கள்.

மரவட்டை கடியாதெனினும், அதனை நசுக்கினாலும் வருத்தினாலும் உடலின் இருபக்கத்துத் துவாரங்களினின்று நெடியுள்ள ஒரு திரவத்தைக் கசியவிடும். அது பட்ட தோல் பழுப்பாகவோ கறுப்பாகவோ கறைபட்டு, சிலருக்கு எரிச்சலும் கொப்புளமும் காணும். கறை நெடுநாள் நிற்கக்கூடும். உறங்குங் குழந்தையின் உடம்பில் இக்கறையைக் கண்டோர் சூட்டுக்காயமென்றோ அடிபட்ட தழும்பென்றோ கருதி, வளர்ப்பவர்மேல் வீண்பழி சுமத்த இடமுண்டு. கறை பட்ட இடத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவினாற் போதும். கண்ணிற் பட்டாலோ சும்மாயிருத்தலாகாது. ஏராளமான சுத்த ஜலத்தினால் சில நிமிஷங்கள் விடாமற் கழுவித் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இனி, அது வீட்டினுள் வருங் காரணம் யாதெனில், உணவுக்காகவன்று. அதன் உணவு மக்கிய இலையும் உளுத்த மரமும். இவற்றைத் தின்று எருவாக்குவதால் தோட்டத்திற்கு உபகாரியே. மண்ணில் நீர் மிஞ்சும்போது மேலே வந்து ஒதுங்க இடந்தேடுகின்றது. அதன் உடல் ஈரத்தை எளிதில் இழப்பதாகையால், உலர்ந்த அறையில் அகப்பட்டது விரைவில் மடியும். ஆகவே, ஒரு வீட்டின் மூலையில் மரவட்டைகள் பல நாள் உயிரோடு உலவுமாயின், அம்மூலையில் ஈரம் நிற்கிறதென்பது நிச்சயம். அங்கே நெல்மூட்டை அடுக்கியிருந்தால் மரவட்டையைத் தேடுமுன் மூட்டையைப் புரட்டிப் பார்ப்பதே விவேகம். பூஞ்சணம் பிடித்த நெல்லுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்குமென்பது குடியானவர் அறியாததன்று.

பரிகாரம் வீட்டின் வெளியிலேதான் தொடங்கவேண்டும். சுவரை ஒட்டிய இலைச்சருகு, விறகு, பழைய ஓடு, வைக்கோல் முதலியவற்றை அகற்றிச் சுற்றிலும் இரண்டடி அகலம் வெறுந்தரையாய் விடுக. கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து தேங்காதபடி தரையை வெளிப்புறம் சரிவாக்குக. அங்கணத்து நீர் சுவரோரத்திலேயே ஊறுவதுதான் பெரும்பாலான வீடுகளில் மூலகாரணம். அதை வாய்க்கால் வழியே வாழைப்பாத்திக்கோ, கிணற்றுக்குத் தூரமான உறிஞ்சுகுழிக்கோ போக்கலாம். சுவர் வெடிப்புகளைப் பூசி, கதவின் கீழுள்ள சந்தைச் சட்டமடித்து அடைத்தல் வேண்டும். இவற்றிற் பலவும் மண்வெட்டியும் ஒரு நாளைய உழைப்பும் மட்டுமே வேண்டுபவை.

சிலர் சுவரோரம் உப்புத் தூவுவர். இது கூடாது, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதோடு காரையையும் பொரியச் செய்யும். சாம்பல் உலர்ந்துள்ளவரை சிறிது தடுக்கும், நனைந்தாற் பயனில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது ஓலைக் கூரையின்கீழ் எத்தகைய காரியமென்று சொல்லவேண்டியதில்லை. விஷப்பொடியோ, வந்தவற்றைக் கொல்லுமேயன்றி, வெளியே குப்பை உள்ளவரை பின்வருபவற்றை நிறுத்தாது. குழந்தை தவழுந் தரையிலும் கோழி கொத்தும் முற்றத்திலும் அது தங்கிவிடும். ஒருகாலத்தில் வீடெங்கும் தாராளமாய்த் தூவப்பட்ட டி.டி.டி. மருந்து பல ஆண்டுகள் மண்ணில் அழியாதிருந்து, உடற் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் சேர்வது பின்னர்த் தெரியவந்தது. இந்தியாவில் விவசாயத்திற்கு அதன் உபயோகம் 1989ம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

உள்ளே வந்துவிட்டவற்றைக் காலால் மிதியாமல் துடைப்பத்தால் முறத்திற் கூட்டி, வீட்டிற்குத் தொலைவிலுள்ள எருக்குழியிற் கொட்டுதலே போதுமானது. காய்கறி நாற்றுப் பாத்திக்கு அருகில் மாத்திரம் கொட்டவேண்டாம். அடைமழைக் காலத்தில் அவை இளநாற்றின் தண்டையும் வேரையும் கறிப்பதுண்டு.