சாவியைக் கொடுக்கும் நேரம்

அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி வட்டாரத்தில் கார் கண்ணாடி மாற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமே வராது. வெளிவட்டச் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனவர், மறுநாள் காலை நம் கடை வாசலில் நிற்பார். அவர் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு நேரம் ஆகும்?"

1. முன் கண்ணாடி மழையையும் காற்றையும் மறைக்கிற தட்டி என்ற நினைப்பை முதலில் விடு. இன்றைய கார்களில் அது பாடியோடு ஒட்டிய பாகம். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பெல்ட் போடாத ஆள் முன்னால் பறந்து போகாமல் தடுப்பதும் அதுதான். பலருக்குத் தெரியாத இன்னொன்று, பக்கத்து சீட் ஏர்பேக். பெரும்பாலான கார்களில் அது டேஷ்போர்டின் மேல்பக்கத்தைப் பிளந்துகொண்டு கிளம்பி, கண்ணாடியில் முட்டி, அந்த முட்டுக்கொடுத்தலில்தான் ஆளின் பக்கம் விரிகிறது. இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த அடியில் பசை விட்டுக்கொடுத்தால் கண்ணாடியோடு பையும் வெளியே போய்விடும். பக்கத்து சீட் ஏர்பேக்கை 2021-இல் புது மாடல்களுக்கும், அந்த ஆண்டு முடிவுக்குள் பழைய மாடல்களுக்கும் அரசு கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே நாம் தொடும் புதுக் கார் எல்லாவற்றிலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது.

2. கண்ணாடியை வாங்கியதும் மூலையில் இருக்கும் எழுத்தைப் படி. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். முன்னால் போடுவது லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்தியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே தொங்கும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட். உடைந்தால் கற்கண்டாய்ச் சிதறும். 1903-இல் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கைதவறிக் கீழே போட்ட குடுவை, உள்ளே காய்ந்திருந்த ரசாயனப் படலத்தால் சிதறாமல் நின்றது. லேமினேட்டட் அங்கிருந்து வந்தது. கஸ்டமர் கறுப்பு ஃபிலிம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடு. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. ஃபிலிமே ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது.

3. பழைய அம்பாசடர், லாரி, பஸ் வேலையில் கை பழகிய மேஸ்திரிகள் கயிறு போட்டு பீடிங் இழுப்பதைப் பார்த்திருப்பாய். ரப்பர் காடிக்குள் கயிற்றைச் சுற்றி வைத்து, வெளியே ஒருவர் தட்டிக்கொடுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை உருவுவார். ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். அழகான வேலை, கற்றுக்கொள். ஆனால் அங்கே கண்ணாடியைப் பிடிப்பது ரப்பர். ஒட்டும் கண்ணாடியில் பிடிப்பது பசை மட்டுமே. அந்த வேலையின் வேகத்தை இங்கே கொண்டுவராதே.

4. கெட்டுப்போவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். பியானோ வயரோ கத்தியோ, பழைய பசையை அறுக்கும்போது ஃபிரேமின் பெயின்டில் கீறல் விழும். அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனதும் அந்தக் கீறலில் துரு பிடித்து, பெயின்டோடு சேர்ந்து பசையும் உரிந்து வரும். பசை பெயின்டைத்தான் பிடிக்கிறது. பெயின்டு தகரத்தை விட்டால் பசை என்ன செய்யும்? ஆகவே கீறல் விழுந்தால் அதற்குரிய பிரைமர் போடு. ஏற்கெனவே துரு இருந்தால் பெயின்டரிடம் அனுப்பு; அதன் மேல் பசை பிழியாதே. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுப்பது சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். நன்றாகப் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சீவு. புதுப் பசை அதன் மேல்தான் நன்றாக ஒட்டும். பழையது சிலிகான் என்றால் மட்டும் துளிகூட விடாதே. முன் கண்ணாடிக்கு சிலிகான் போடுகிறவனை மேஸ்திரி என்று கூப்பிடாதே.

5. பசைக்கு முன் கண்ணாடியை ஒருமுறை வெறுமனே வைத்துப் பார்த்து, டேப்பில் அடையாளம் போட்டுக்கொள். ஓரத்துக் கறுப்புப் பட்டை அழகுக்கு இல்லை. வெயில் பசையைத் தின்னாமல் காப்பது அது. துடைத்த பின் அங்கே விரல் படக் கூடாது, வியர்வை ஒன்றே போதும் பிடிப்பைக் கெடுக்க. நாசில் முனையை வி வடிவில் வெட்டி, பசையை முக்கோணமாக, நடுவில் விடாமல் ஒரே ஓட்டமாக இழு. நம் ஊர்ப் புழுக்கத்தில் மேல்தோல் சீக்கிரம் கட்டிவிடும். அதற்குள் இரண்டு பேர் சக்ஷன் கப்போடு கண்ணாடியை இறக்கிவிட வேண்டும்.

6. இப்போது அந்த "எவ்வளவு நேரம்". பாலியூரித்தேன் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்து, வெளியிலிருந்து உள்ளே இறுகும். தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் களிம்பாகவே இருக்கும். பல பசைகள் ஒரு நாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இறுகும். வண்டியை எப்போது ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும். ட்யூபிலோ அதன் தாளிலோ போட்டிருக்கும், ஏர்பேக் உள்ள வண்டிக்குத் தனி நேரம் இருந்தால் அதையே எடுத்துக்கொள். ஈரம் வேண்டும் என்பதற்காக ஐப்பசி மழையில் நனைந்த ஃபிரேமில் ஒட்டிவிடாதே. காற்றின் ஈரம் வேறு, ஒட்டுமிடத்தின் தண்ணீர் வேறு. கஸ்டமர் சொல்வார்: "ராத்திரி திருப்பதி கிளம்பணும் தம்பி, மெதுவாத்தான் போவேன்." அவர் மெதுவாகப் போவார், எதிரே வருகிறவன்? சாவி உன் கையில் இருக்கட்டும். முதலாளி முறைத்தாலும் சரி. நேரம் ஆகும் என்பதை வேலை எடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. கொடுத்தனுப்பும்போது ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல். எல்லாம் மூடியிருக்கக் கதவை ஓங்கி அறைந்தால் உள்காற்று புதுப் பசையைத் தள்ளும். கண்ணாடி நகராமல் ஒட்டிய டேப்பை மறுநாள் வரை பிரிக்க வேண்டாம், பிரஷர் வாட்டர் வாஷும் வேண்டாம்.

7. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறதா பார். மஹிந்திரா எக்ஸ்யூவி 700, 2023-இல் வந்த ஹூண்டாய் வெர்னா போன்றவற்றின் உயர்ந்த வேரியன்ட்களில் தானாக பிரேக் போட வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பார்க்க வேண்டும். அதற்கான கருவி நம்மிடம் இல்லையென்றால் வேலையை விட்டுவிடு.

8. சின்னக் கல்லடி, ஓரத்தைத் தொடாதது, டிரைவரின் கண்ணுக்கு நேரே இல்லாதது என்றால் ரெசின் ஊற்றிச் சரிசெய்; கண்ணாடியைக் கழற்றாதே. கம்பெனி ஒட்டிய பசையைவிட நம் பசை ஒருநாளும் மேல் இல்லை.

9. இன்ஷூரன்ஸ் வண்டியை சர்வேயர் பார்க்கும்முன் கழற்றாதே. பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விடும். உரித்து மறுபடி ஒட்ட முடியாது. புதியது வாங்கச் சொல்லி அனுப்பு, இல்லையென்றால் வானகரம் டோலில் நின்றுகொண்டு நமக்குத்தான் போன் போடுவார்.