குழாயை முதலில் பார்

தஞ்சாவூர்

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஹெமட்டாலஜியிலிருந்து பயோகெமிஸ்ட்ரிக்கு மாற்றிவிட்டார்கள், இங்கே எல்லாவற்றையும் மெஷினே செய்துவிடுகிறது, ரேக்கை உள்ளே தள்ளுவதைத் தவிர எனக்கு என்ன வேலை சித்தி என்று அலுத்துக்கொண்டிருந்தாய். போனில் பேசினால் அரைகுறையாகப் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

மெஷின் செய்வது கடைசிப் பகுதியை மட்டும்தான். பெரிய அனலைசர்கள் சில, சீரத்தின் நிறத்தை அளந்து எச்சரிக்கும். ஆனால் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்தார்களா, காலை 7 மணிக்கு எடுத்தது மதியம் வரை பையில் கிடந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கொடுத்ததை அளக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டியவள் நீ.

சுகர் டெஸ்ட்டையே எடுத்துக்கொள். குழாய்க்குள் வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும். பிரிக்காமல் வெளியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளூரைடு. அதுவும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே சாம்பல் மூடி என்றாலும் சீக்கிரம் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடு. கேம்ப்பிலிருந்து மதியம் வரும் சிவப்பு மூடிக் குழாயில் சுகர் கேட்டால், முடியாது என்று சொல். கோபப்படுவார்கள். படட்டும்.

ஒரு சாம்பிளைப் பற்றிச் சொல்கிறேன், இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். ஓ.பி.யில் ஒருவர். பொட்டாசியம் 8.1. அந்த அளவு நிஜமானால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். ஆளோ கவுன்டரில் நின்று ரிப்போர்ட் எப்போது வரும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். பயிற்சிக்கு வந்த பையன் அதே சீரத்தைத் திரும்ப ஓட்டினான். மறுபடியும் 8.1. வராமல் என்ன செய்யும்? குழாய்க்குள் இருப்பது அதுதானே! நான் அதே ரிப்போர்ட்டில் மற்ற வரிகளைப் பார்த்தேன். கால்சியம் 4.2. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 12. மூன்றையும் சேர்த்துப் படித்தவுடன் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. அது பொட்டாசியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த என்சைமுக்கு வேண்டிய மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பறித்துக்கொள்ளும். சிவப்புக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தோம், 4.3. அவருக்கு பஸ் போய்விட்டது, திட்டிவிட்டுத்தான் போனார்.

இதைப் படித்துவிட்டு, பொட்டாசியம் கூடினாலே சாம்பிள் கோளாறு என்று முடிவுகட்டிவிடாதே. டயாலிசிஸுக்கு வரும் கிட்னி நோயாளிக்கு 7 என்பது நிஜமாகவே இருக்கலாம். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன, பொட்டாசியமும் எல்.டி.ஹெச்.சும் ஏறும், அதையும் வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லி, மறு சாம்பிள் கேள். இதைவிட ஏமாற்றுவது ஒன்று உண்டு: பிரிக்காத ரத்தத்தை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பது. குளிரில் அணுக்களின் பம்ப் ஓய்ந்து பொட்டாசியம் வெளியே கசியும், சீரம் மட்டும் தெளிவாகவே நிற்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, குழாய் வந்த நேரத்தைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது கை. மூலையில் ஒரு செமி ஆட்டோ அனலைசர் தூங்கிக்கொண்டிருக்கும், எல்லா லேபிலும் உண்டு. சீனியரிடம் கேட்டு, கொஞ்ச நாள் சுகரும் கிரியேட்டினினும் அதில் போடு. ரீஏஜென்ட் 1000 மைக்ரோலிட்டர், சாம்பிள் வெறும் 10. டிப்பின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் துளி ஒரு மைக்ரோலிட்டர் இருந்தாலே சாம்பிள் 10 சதவீதம் கூடிப்போகும்; 110 வர வேண்டிய சுகர் 121 என்று வரும். டிஷ்யூவால் ஓரத்தைத் துடை, நுனித் துளையைத் தொட்டுவிடாதே, தொட்டால் உள்ளே இருப்பதை அது உறிஞ்சிவிடும். 37 டிகிரியில் ரோஜா நிறம் ஏறுவதைப் பார்த்துவிட்டு 505 நானோமீட்டரில் படி.

கிரியேட்டினினில் இன்னும் சுவாரசியம். மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்டறிந்த பிக்ரேட் வினையைத்தான் இன்றும் பெரும்பாலான லேபுகளில் ஓட்டுகிறோம். ஆரஞ்சு நிறம் கிரியேட்டினினால் மட்டும் வருவதில்லை. கீட்டோனும் அந்த நிறத்தைத் தரும். சர்க்கரை முற்றி கீட்டோன் ஏறிய நோயாளிக்கு கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டலாம். கடுமையான மஞ்சள் காமாலையிலோ குறைத்துக் காட்டும். இதையெல்லாம் கையால் போட்டவளுக்குத்தான் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சந்தேகம் வரும்.

கன்ட்ரோல் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். லெவியும் ஜென்னிங்ஸும் 1950-இல் கொடுத்த சார்ட்டைத்தான் உன் கம்ப்யூட்டரும் வரைகிறது. கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே போனால், உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவதை ஒரு லேபில் தினசரி வழக்கமாகவே வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போதும் சுமார் 20-க்கு ஒரு முறை 2 எஸ்.டி.யைத் தாண்டத்தான் செய்யும். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் 3 எஸ்.டி.யைத் தாண்டினாலோ, தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தாலோ ரிப்போர்ட்டை நிறுத்து. ரீஏஜென்ட் லாட் மாறியதா, லேம்ப் பழசா, கேலிபரேஷன் எப்போது போட்டது என்று தேடு. வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரச்சோதனைத் திட்டத்தில் உங்கள் லேப் சேர்ந்திருந்தால், அந்தச் சாம்பிளையும் நோயாளியின் சாம்பிள் மாதிரியே ஓட்டு. பக்கத்து லேபுக்குப் போன் போட்டு உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு அந்தப் பரீட்சை?

ஆபத்தான வேல்யூ வந்தால் பிரின்ட் எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே. வார்டைக் கூப்பிடு, எடுத்தவரை எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல், பெயரையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுது.

ஹெபடைட்டிஸ் பி ஊசி இரண்டு தவணை போட்டதாக அம்மா சொன்னாள். மூன்றாவது ஆறாவது மாதத்தில், தள்ளிப்போடாதே. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் பார், 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சித்தி