விராலி இலையைத் தகட்டுப் பரீட்சையால் அறிதல்

பழனி மலையின் வறண்ட சரிவுகளில் விராலிச் செடி இயல்பாய் வளர்வதை விவசாயிகள் அறிவர். சுளுக்குக்கும் முறிவுக்கும் இவ்விலையை வைத்துக் கட்டுவது நாட்டு வழக்கம். உலர்த்திப் பொடித்தபின் வேறு இலை கலந்துளதா என்று கண்ணால் தெளிதல் அரிது. ஆகவே, நல்ல சரக்கு கொணர்பவருக்கும் கலப்புச் சரக்கின் விலையே கிட்டக்கூடும்.

இவ்வையத்தைத் தீர்க்க உதவுவது மென்படலத் தகட்டுப் பரீட்சை. 1938ஆம் ஆண்டில் கார்க்கோவ் நகரில் இஸ்மயிலோவும் ஷ்ரைபரும் மருந்துச் சாறுகளைச் சோதிக்கத் தொடங்கிய இம்முறையை, ஜெர்மானியரான ஸ்டால் 1956 முதல் செம்மைப்படுத்தினார்.

விராலியில் குவெர்செட்டின், கெம்ப்பெரால் முதலிய பிளேவனாய்டுகள் உள. பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாற்றைச் சிலிக்கா ஜெல் பூசிய தகட்டின் அடியில் புள்ளியாக இடுவர். அருகே மெய்யான விராலிச் சாற்றையும் இடுவர். எதில் அசிடேட், பார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், நீர் ஆகியவற்றை 100:11:11:26 அளவில் கலந்த திரவம் தகட்டில் மேலேறும்போது, பொருள்கள் தத்தம் தன்மைக்கேற்ப வெவ்வேறு உயரத்தில் நிற்கும். உரிய மருந்து தெளித்து 365 நானோமீட்டர் புறஊதா ஒளியில் நோக்கின், பிளேவனாய்டுகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் ஒளிரும். இரு வரிசையும் ஒத்திருப்பின் சரக்கு மெய்யெனக் கொள்ளலாம். மிகைப்புள்ளி தோன்றின் கலப்பென ஐயுறல் வேண்டும். பூச்சிமருந்தின் மிச்சத்தை இப்பரீட்சை காட்டாது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. இலையை நிழலில் உலர்த்துக.

2. பல மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து மாதிரி அனுப்புக.

3. பூவுடன் கூடிய கிளையொன்றை அழுத்தி உலர்த்தி, ஊரும் பறித்த தேதியும் எழுதி உடன் வைக்க.

4. பட்டா நிலத்திலேயே பறிக்க. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் ஏற்பட்டது. அதனுள் அனுமதியின்றிப் பறித்தல் குற்றமாகும். இதைக் கிராம அதிகாரிகள் யாவர்க்கும் எடுத்துரைப்பார்களாக.