மலையேறும் மரக்கன்றுகள்

ஜூன் பிறந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மரக்கன்றுகளோடு வருகிறவர்கள் பெருகிவிடுகிறார்கள். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் வெயில் காயும் ஒரு புல் சரிவைப் பார்த்து, ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்று குழி தோண்டினால், வரையாடு மேயும் நிலத்தில்தான் கடப்பாரை இறங்குகிறது. இந்த மலைகளைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சிலவற்றை உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: மலை உச்சியிலுள்ள புல்வெளி, காடு அழிந்து மொட்டையான நிலம்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், ஈரம் தங்கும் மடிப்புகளில் சோலைக்காடும் காற்றடிக்கும் சரிவுகளில் புல்லும் அடுத்தடுத்து இருப்பதே இயல்பு. குளிர்காலத்தில் திறந்த சரிவுகளில் உறைபனி விழும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதில் கருகிவிடும். காட்டுப் பூவரசு போன்ற ஒருசில மரங்களே அங்கே தாக்குப்பிடிக்கும். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கை ஆராய்ந்து, யானை ஆய்வாளர் ராமன் சுகுமாரும் அவர் குழுவினரும் 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கால வரலாறு அந்த மண்ணில் பதிந்திருந்தது. காலநிலை வறண்டபோது ஒருவகைத் தாவரமும், ஈரமானபோது வேறுவகையும் ஓங்கியிருக்கின்றன. கோடரி அந்த மலையில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே இருந்தது.

அதைத் ‘தரிசு’ என்று ஏட்டில் எழுதியதுதான் வினையாகப் போனது. ஆங்கிலேயர் கொண்டுவந்த, யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரத்தையும், வாட்டில் எனப்படும் சீகையையும் விடுதலைக்குப் பிறகும் மலை மலையாக நட்டோம். சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. மரம், கூழாவதற்காகச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இறங்கியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வின்படி, 1973இலிருந்து 2014க்குள் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அதை விழுங்கியவை பெரும்பாலும் மரத் தோப்புகளும் விவசாயமும். பசுமை குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் மரங்கள் பச்சையாகவே நின்றன. தரையில் புல்லுக்கு நடுவே கூடுகட்டும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்கு அந்தப் பச்சையால் எந்தப் பயனும் இல்லை.

நம்பிக்கை: எந்த மரமானாலும் சரி, மரம் பெருகினால் ஓடையில் தண்ணீர் பெருகும்.

நீலகிரியில் கிளன்மார்கன் அருகே இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். அக்கம்பக்கத்திலுள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே, மரம் நட்ட பக்கத்தில் ஓடிவரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. 1988இல் வெளியான ஆய்வு இது. பவானியும் பைக்காராவும் இந்த உச்சிகளில்தான் ஊறுகின்றன. சமவெளியில் நெல்லுக்குப் பாயும் தண்ணீரின் கணக்கும் இதற்குள்தான் இருக்கிறது.

நம்பிக்கை: வரையாடு சாலையோரத்துக்கே வருகிறது, அப்படியானால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில், 9ஆவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கே தெரிபவை வண்டிகளுக்குப் பழகிப்போன ஒரு கூட்டம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்த விலங்கு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் துண்டு துண்டான மலைகளில் ஒடுங்கியிருக்கிறது. புல்லை மேய்ந்துவிட்டு, ஆபத்து வந்தால் பக்கத்துப் பாறைச் சரிவுக்கு ஓடித் தப்புவதுதான் அதன் வாழ்க்கை. இடையில் சீகை அடர்ந்துவிட்டால் மேய்ச்சல் போகும், ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு சேரும் வழியும் போகும்.

1975இல் ஈ.ஆர்.சி. டேவிதார் வரையாட்டைப் பற்றிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்றைச் செய்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு நாளானது. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031ஆக இருந்த எண்ணிக்கை 2025இல் 1,303 ஆனது. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் எண்ணிப் பார்த்த பகுதிகளும் கூடின. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இங்கே மொத்தமே இவ்வளவுதான் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அந்த வளைவில் பிஸ்கட் நீட்டும் கைகள் தயவுசெய்து மடங்கட்டும்.

நம்பிக்கை: குறிஞ்சி என்றாலே 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும்.

நீலக்குறிஞ்சி அப்படித்தான். 2006, 2018 போக, அடுத்தது 2030. ஆனால் அதன் இனத்துச் செடிகளில் ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு, வேறு இடைவெளிகளில் பூப்பவையும் உண்டு. நீலக்குறிஞ்சிக்கும் திறந்த புல் சரிவுதான் வீடு.

நம்பிக்கை: அப்படியானால் அந்நிய மரங்களை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்துவிட்டால் புல் தானே திரும்பிவிடும்.

இதை நம்புகிறவர்கள் காட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள் என்பதால், இந்தத் தவறு மற்றவற்றைவிட ஆபத்தானது. சீகையின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் விலகி, வெயிலோ தீயோ பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். பழனி மலையில் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் உறைபனிக்குத் தப்பி வளர்ந்துவருகின்றன. அங்கே வெட்டினால் கூடவே பிறக்கப்போகும் சோலையும் சாகும். புல்வெளிக்குள் புதிதாக நுழையும் இளஞ்சீகையை முதலில் பிடுங்க வேண்டும். முதிர்ந்த தோப்பை இடம் பார்த்துக் கையாள வேண்டும். பிடுங்கிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து, புதிய முளைகளை எடுத்தபடி இருக்க வேண்டும்.

கேரளத்தில் ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் ஒரு சீகைத் தோப்பு தீயில் அழிந்தது. வனத்துறையும் உள்ளூர் மக்களும் அங்கே மறுபடி மரம் நடவில்லை. மலைப் புற்களைப் பண்ணையில் நாற்றாக வளர்த்து, சரிவில் கையால் நட்டார்கள். கன்றோடு மலையேறுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது: சிதைந்த சோலையின் ஓரத்தில் அந்தச் சோலைக்கே உரிய மரம், சரிவில் அந்தச் சரிவுக்கே உரிய புல். எந்த இடத்தில் எது என்பதை, குழி தோண்டுவதற்கு முன் அந்த மலையை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.