வெள்ளிக் களி நகைக்கு எந்தச் சூளை?

மாணிக்கக்கல் வியாபாரமும் நகை வியாபாரமும் நம்மவர்களுக்குப் புதியவையல்ல. ஆனால் நகை செய்வதென்றால் பட்டறையும் ஆசாரியும் வேண்டும் என்ற நிலையை 'மெட்டல் கிளே' மாற்றியிருக்கிறது. 1990களில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கம்பனி அறிமுகப்படுத்திய பொருள் இது. நுண்ணிய வெள்ளித் தூளும் நீரும் ஒட்டுப்பொருளும் சேர்ந்த களி. கையால் உருவம் செய்து, காயவைத்துச் சுட்டால், ஒட்டுப்பொருள் எரிந்துபோய் வெள்ளித் துகள்கள் இறுகித் தூய வெள்ளி நகையாகிவிடும். பெண்கள் வீட்டிலிருந்தே செய்யலாம்.

இத்தொழிலில் பெரிய செலவு சூளைதான். "ஆகக் குறைந்த விலைக்கு எது கிடைக்கும்?" என்றே பலரும் கேட்கின்றனர். வெப்பத்தை அது எவ்வளவு சரியாகப் பிடித்து வைக்கும் என்பதை முதலில் கேளுங்கள் என்பேன்.

காரணம் இதுதான். குறைந்த சூட்டில் இறுகும் வெள்ளிக் களியை 650 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டால் போதும். நல்ல உறுதி வேண்டுமானால் 900 பாகையில் 2 மணி நேரம் சுடுவார்கள். வெள்ளி உருகுவதோ 961 பாகையில். இடைவெளி 61 பாகைதான். சூளையின் அளவி பிழைத்தால் நகை உருகிவிடும். சூடு குறைந்தாலோ பார்வைக்கு வெள்ளியாகத் தெரியும். விரலில் போட்டதும் முறியும். அந்த மோதிரத்தோடு உங்கள் பெயரும் போய்விடும்.

ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. வெப்பத்தையும் நேரத்தையும் குறித்துவிட்டால் தானே இயங்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அது இல்லாத மலிவான சூளைக்குப் பக்கத்தில் ஒருவர் காவல் இருக்க நேரிடும்.

2. வெள்ளி மட்டுமானால் சிறிய உட்புறம் போதும். வெண்கல, செப்புக் களியை உருக்குப் பெட்டியில் கரித்தூளுக்குள் புதைத்துப் பல மணி நேரம் சுட வேண்டும். அந்தப் பெட்டி உள்ளே கொள்ளுமா என்று அளந்து பாருங்கள்.

3. பீங்கான் நார்ச் சூளை பாரம் குறைந்தது, விரைவில் சூடேறும். செங்கல் சூளை மெதுவானது. ஆனால் சுருள் எரிந்தால் பெரும்பாலும் சுருளை மட்டும் மாற்றலாம். நார்ச் சூளையில் சுருள் சுவரோடு பதிந்திருந்தால் உள்ளறையையே மாற்ற நேரிடும். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

4. நமது மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் சூளையை மலிவென்று இறக்கினால் டிரான்ஸ்போமர் செலவு தனி. 1,500 வாட் சூளைக்கு 6.5 அம்பியர் வேண்டும். 5 அம்பியர் செருகியில் மாட்டாதீர்கள். 3 மணி நேரம் ஓடினாலும் செலவு நாலரை யூனிட்டுக்கு மேல் போகாது.

கெவுட கல் சூடாக்கும் காஸ் உலையோ பெரிய மட்பாண்டச் சூளையோ இதற்கு வேண்டாம். அவற்றின் சூடும் கொள்ளளவும் நமது தேவைக்கு மிஞ்சியவை. பல் மருத்துவ ஆய்வுகூடங்களில் மெழுகு எரிக்கும் பழைய மின் உலை நல்ல நிலையில் கிடைத்தால் பார்க்கலாம். பணம் கொடுக்குமுன் ஒரு மெல்லிய களித் துண்டைச் சுட்டு, ஆறியதும் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் சரி, முறிந்தால் விட்டுவிடுங்கள்.

கையில் முதல் குறைவா? 25 கிராமுக்குட்பட்ட சிறு வெள்ளி நகைகளைச் சிறிய காஸ் ஊதுவிளக்கால், தீக்கல்லின்மேல் வைத்தே சுடலாம். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். சந்தை உண்டா என்பதை அதில் அறிந்து, வரும் இலாபத்தைச் சேர்த்துச் சூளை வாங்குங்கள். சூளைக்காக வட்டிக் கடனில் விழ வேண்டாம்.

இன்னொன்று: விலையைச் சுட்டபின் உள்ள நிறைக்கே போடுங்கள். களியின் நிறையில் நீரும் ஒட்டுப்பொருளும் சேர்ந்திருக்கின்றன. நிறுவையில் நேர்மை இருந்தால்தான் வியாபாரத்தில் பரக்கத் இருக்கும். அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலாக்கி வைப்பானாக.