விளைபொருளும் குளிர்பதனக் கிடங்கும்

அறுத்த நெல்லைக் களத்தில் நன்கு உலர்த்திக் குதிரில் இட்டு வைத்தால், அது பல திங்கள் கெடாமல் இருக்கும். காயும் கனியும் கிழங்கும் அத்தகையன அல்ல. செடியினின்று பிரித்த பின்னரும் அவை உயிர்க்கின்றன; உயிர்வளியை உட்கொண்டு, வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகின்றன. இவ்வுயிர்ப்பு விரைந்து நடைபெறின் அவை விரைவில் பழுத்து அழுகும். குளிர் அதனைத் தணிக்கிறது. வட நாட்டில் மாசி, பங்குனித் திங்கள்களில் தோண்டிய உருளைக்கிழங்கு ஐப்பசியிலும் நம் சந்தைக்கு வருவது குளிர்பதனக் கிடங்குகளின் துணையாலேயே ஆகும்.

சென்னை மக்கள் குளிரை விலை கொடுத்து வாங்கியது இன்று நேற்றன்று. 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்க நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலில் இங்கு வந்தது. அதனை வைப்பதற்கென 1842இல் கடற்கரையில் எழுப்பிய மாளிகையே இன்றைய விவேகானந்தர் இல்லம். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அக்கப்பல் வாணிகம் மறைந்தது.

இக்காலப் பெருங்கிடங்குகள் பலவற்றில் குளிரைத் தருவது அம்மோனியா. திரவ அம்மோனியா, சுழியத்திற்குக் கீழ் 33 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும் இயல்புடையது. கிடங்கினுள் அமைந்த குழாய்களில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அவ்வாவியை மின்னால் இயங்கும் அழுத்தும் பொறி இழுத்து அழுத்துகிறது. பின்னர் அது வெளியே குளிர்ந்து, கவர்ந்த வெப்பத்தை விட்டுவிட்டு, மீண்டும் திரவமாகி உள்ளே செல்கிறது. இச்சுழற்சி இரவு பகல் ஓயாது நடைபெற வேண்டும்.

ஆகவே இத்தொழிலுக்கு மின்சாரமும் அம்மோனியாவும் இன்றியமையாதவை. இவ்விரண்டோடும் நெடுநாள் தொடர்புடைய ஊர் வட சென்னையிலுள்ள எண்ணூர். அங்கு 1970இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. எனினும் அருகிலுள்ள வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் காமராசர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் ஆக்குகின்றன. உரத் தொழிலுக்கான அம்மோனியா எண்ணூர்க் கடலுக்குக் கப்பலில் வந்திறங்கியது. கடலடிக் குழாயின் வழியே கரையை அடைந்தது.

கருவிகள் கிடைத்துவிட்டால் கிடங்கு நடத்துவது எளிதோ எனின், அன்று. முதலாவது, எல்லாப் பொருளும் ஒரே குளிரை ஏற்பதில்லை. ஆப்பிளுக்குச் சுழியத்தை ஒட்டிய குளிர் பொருந்தும். அதே அறையில் வாழையை வைத்தால் அதன் தோல் கறுத்துவிடும். அதற்கு 13 பாகையளவு போதும். உருளைக்கிழங்கை மிகுதியாகக் குளிர்வித்தால் அதன் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அக்கிழங்கை வறுத்தால் கருகிய நிறம் பெறும். பழங்களுக்கு ஈரக்காற்று வேண்டும். வற்றல் மிளகாய்க்கோ ஈரம் பகை. ஆதலின் ஒரே கிடங்கில் பல அறைகள் தேவைப்படுகின்றன.

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் வெப்பம். வயலிலிருந்து வரும் பொருள் வெயிலின் சூட்டையும் சுமந்து வருகிறது. ஒரே நாளில் அறை முழுதும் நிரப்பினால் பொறியால் அச்சூட்டைத் தாங்க இயலாது. நாள்தோறும் சிறு சிறு பகுதியாகவே நிரப்புதல் வேண்டும். கோடையில் பொறிக்கு வேலை மிகும், மின்கட்டணமும் உயரும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் குழாய்களை அரித்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசியபோது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாள்களுக்கென டீசல் மின்னாக்கி ஒன்றையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வாணிகத்தின் ஏற்றத்தாழ்வு. விளைச்சல் சில வாரங்களில் வந்து குவிகிறது. கடனுக்கு வட்டியோ ஆண்டு முழுதும் கட்ட வேண்டியுள்ளது. சந்தை விலை வாடகையினும் தாழ்ந்துவிட்டால், உழவர் சிலர் தம் மூட்டைகளை மீட்க வருவதில்லை. அப்பொழுது வாடகையும் வாராது. அழுகிய பொருளை அகற்றும் செலவும் கிடங்குக்காரரையே சேரும். உழவரின் நிலையும் இரங்கத்தக்கதே. கிடங்கில் குளிர் தவறினால் அவருடைய ஓராண்டு உழைப்பு சில நாளில் வீணாகும். இருவருக்கும் இடையே உள்ள உறவு நம்பிக்கையால் ஆனது.

எல்லாவற்றினும் பெரிது பாதுகாப்பு. அம்மோனியா கசிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். மிகுந்தால் உயிருக்கே கேடு நேரும். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூரில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய மீனவர் ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்தோர் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது கிடங்கில் நேர்ந்த விபத்து அன்று. எனினும் அம்மோனியாவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அதில் பாடம் உண்டு. கசிவை அறிவிக்கும் கருவி, காலந்தோறும் குழாய் ஆய்வு, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய மூன்றும் குறைவற அமைதல் வேண்டும். கசிவு நேர்ந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லவேண்டும் என்பதை அக்கம்பக்கத்து மக்களும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கோடையில் நாம் உண்ணும் ஓர் ஆப்பிளுக்குப் பின்னே மின்நிலையத் தொழிலாளியும், இரவு முழுதும் வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பெழுதும் கிடங்குப் பணியாளரும் நிற்கின்றனர். புகையையும் கசிவையும் தாங்கி அருகில் வாழும் மக்களும் இருக்கின்றனர். விளைபொருளைக் காக்கும் தொழில் மனிதரையும் காத்து நடைபெறும்பொழுதே நாட்டிற்கு முழுப்பயன் தரும். நாளை இத்தொழிலில் புகவிருக்கும் மாணவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.